பிடி அரிசியில் படித்த பிள்ளை



இன்று நமது பள்ளியின் பரிசளிப்பு விழா. மேடையிலே கோப்பைகளும் புத்தகங்களும் அடுக்கி வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளையின் பெயரைக் கூப்பிடும்போது உங்கள் நெஞ்சு நிறையும். எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் அந்தக் கோப்பைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. அவை எந்தக் காசில் வந்தவை? நீங்கள் கொடுத்த ஐந்து வெள்ளியிலும் பத்து வெள்ளியிலும், மளிகைக் கடைக்காரர் கொடுத்த நன்கொடையிலும் வந்தவைதானே?

முன்பு ஒருமுறை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலே கூரை பழுது பார்க்கும் பேச்சு வந்தது. பழம் வெட்டிவிட்டுக் குளித்தும் குளிக்காமலும் ஓடி வந்திருந்த ஒரு தகப்பனார் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். பள்ளிக்கூடம் நடத்துவது அரசாங்கத்தின் வேலை. அப்புறம் எங்களிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நியாயமாகத்தான் கேட்டார். அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்குப் போயும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொல்லிவிட்டுப் போன ஒரு மனிதர் இருக்கிறார். அவர் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் லட்சக் கணக்கான ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலுக்குக் கொண்டு வந்தவர். அவர்தான் பெருந்தலைவர் காமராஜர். அவர் பெயரைக் கேள்விப்படாத தமிழர் வீடு இல்லை. இருந்தாலும் அவர் பள்ளிக்கூடத்துக்குப் பணம் எப்படித் தேடினார், மக்கள் குரலுக்கு எப்படிக் காது கொடுத்தார் என்ற கதையை நம்மில் பலர் முழுமையாக அறிந்ததில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு பிடி அரிசி

தமிழ்நாட்டின் தென்பகுதியில் விருதுநகர் என்று ஓர் ஊர். முன்பு அதற்கு விருதுப்பட்டி என்று பெயர். வியாபாரிகள் நிறைந்த, வெயில் காயும் ஊர். அங்கே 1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் மகனாகக் காமராஜர் பிறந்தார். அவருக்கு ஆறு வயது ஆகும்போதே தகப்பனார் காலமாகிவிட்டார். தாயார் தம் நகைகளை விற்று, அந்தப் பணத்தை வட்டிக்குக் கொடுத்து, வந்த சிறு தொகையில் குடும்பத்தை ஓட்டினார்.

காமராஜர் படித்த பள்ளிக்கூடம் எப்படி நடந்தது தெரியுமா? அந்த ஊர் நாடார் சமூகத்தார் தாங்களே கட்டி நடத்திய பள்ளி அது. கோயில் வாசலும் படிப்பும் எட்டாமல் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள், யாரையும் எதிர்பார்க்காமல் தங்கள் பிள்ளைகளுக்காக ஏற்படுத்திக் கொண்டது. கடைக்காரர்கள் வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று பொதுவுக்கு ஒதுக்கினார்கள். வீட்டிலே பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு பானையில் போட்டு வைப்பார்கள். அந்த அரிசியைச் சேர்த்து விற்ற பணத்திலே பள்ளிக்கூடம் நடந்தது. அதற்குப் பிடி அரிசித் திட்டம் என்று பெயர்.

தாய்மார்களே, ஒரு பிடி அரிசி குறைந்தால் வீட்டில் யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆனால் ஊரே ஒரு பிடி போட்டால் ஒரு பள்ளிக்கூடம் எழுந்து நிற்கிறது. இந்தக் கணக்கைச் சிறுவன் காமராஜர் புத்தகத்தில் படிக்கவில்லை. கண்ணால் பார்த்தார். பின்னாளில் அவர் செய்த காரியங்களுக்கெல்லாம் வித்து அங்கேதான் விழுந்தது என்று நான் நினைக்கிறேன்.

இருந்தும் பாருங்க, அந்தப் பள்ளியில்கூட அவரால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. குடும்ப நிலை இடம் கொடுக்கவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமனின் துணிக்கடையில் வேலைக்கு உட்கார்ந்தார். பள்ளிக்கூடம் இலவசமாக இருந்தால் மட்டும் போதாது. வீட்டிலே அடுப்பு எரிய வேண்டும், பிள்ளையின் வயிறு நிறைய வேண்டும் என்ற பாடத்தைப் பட்டுத் தெரிந்துகொண்டார்.

சிறையே கல்லூரி

துணிக்கடையில் உட்கார்ந்திருந்த இளைஞரை நாட்டு விடுதலைப் போராட்டம் இழுத்துக்கொண்டது. 1930-ல் ராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் நடந்த உப்புச் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். அதன் பிறகு பலமுறை சிறைவாசம். எல்லாவற்றையும் கூட்டினால் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள். நின்றுபோன படிப்பை அவர் சிறையிலேதான் தொடர்ந்தார். பத்திரிகைகளும் புத்தகங்களும் அவருக்கு வாத்தியார்கள் ஆயின. 1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானார். திருமணம் செய்துகொள்ளவில்லை. சொந்தமாக எதையும் சேர்க்கவும் இல்லை.

மக்கள் வேண்டாம் என்றார்கள்

இனித்தான் கதையின் முக்கியமான இடம். 1952-ல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக ராஜாஜி பொறுப்பேற்றார். அப்போது பள்ளி வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேர்கூடப் பள்ளியில் இல்லை. எல்லாரையும் சேர்க்க வேண்டுமானால் கட்டடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும், பணம் வேண்டும். பணமோ இல்லை. ராஜாஜி ஒரு வழி கண்டார். 1953-ல் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் நாளைக்கு மூன்று மணி நேரம் மட்டும் பாடம், காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பிரித்தால் அதே கட்டடத்திலே, அதே ஆசிரியரைக் கொண்டே இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். மீதி நேரத்தில் பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும். இதுதான் திட்டம்.

கணக்கு என்று பார்த்தால் சரியான கணக்குத்தான். ராஜாஜி கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். கைத்தொழிலுக்கு மதிப்புத் தர வேண்டும் என்றும் அவர் நினைத்தார். ஆனால் அந்தக் கணக்கிலே ஒன்று விட்டுப்போயிற்று. செருப்புத் தைப்பவர் பிள்ளை வீட்டுக்குப் போனால் எதைக் கற்கும்? செருப்புத் தைக்கத்தான் கற்கும். துணி வெளுப்பவர் பிள்ளை துணிதான் வெளுக்கும். தலைமுறை தலைமுறையாக எந்தக் குழியிலிருந்து ஏற வேண்டும் என்று அந்தத் தகப்பன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினானோ, அதே குழிக்குப் பாதி நாள் திருப்பி அனுப்புவதாக மக்களுக்குப் பட்டது. அதிலும் திட்டம் கிராமத்துக்கு மட்டும். நகரத்துப் பிள்ளைக்கு முழு நாள் படிப்பு, கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள் படிப்பா?

மக்கள் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். பெரியாரின் திராவிடர் கழகமும், திராவிட முன்னேற்றக் கழகமும் கிளர்ச்சியில் இறங்கின. ஊர்வலம், மறியல், கைது என்று நாடு கொதித்தது. ஆளும் காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே பலருக்குத் திட்டம் பிடிக்கவில்லை. 1953 ஜூலையில் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது இரண்டு பக்கமும் சமமாக வந்து, திட்டம் நூலிழையில் தப்பியது. ஆனால் மக்கள் மனம் மாறவில்லை. 1954-ல் ராஜாஜி பதவியிலிருந்து விலகினார். ஏப்ரல் 13-ல் காமராஜர் முதலமைச்சரானார்.

அடுத்த மாதமே, மே 18-ஆம் நாள், அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதை அறிவித்தவர் யார் தெரியுமா? கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம். ராஜாஜியின் அமைச்சரவையில் இருந்து அதே திட்டத்தை ஆதரித்துப் பேசியவர். தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவரும் அவரே. காமராஜர் அதையெல்லாம் மனதில் வைக்காமல் அவரையே அழைத்துக் கல்வி இலாகாவையும் நிதி இலாகாவையும் சேர்த்துக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தின் சாவியும் கஜானாவின் சாவியும் ஒரே கையில் இருந்தால் காரியம் தடைப்படாதல்லவா?

பணம் எங்கிருந்து வரும்?

மக்கள் வேண்டாம் என்றதை எடுத்தாகிவிட்டது. சரி, பழைய கேள்வி அப்படியே நிற்கிறதே! பணம் எங்கே? இந்த இடத்தில்தான் பல தலைவர்கள் நின்றுபோவார்கள். எதிர்ப்பது சுலபம், மாற்று வழி காட்டுவதுதான் கஷ்டம்.

காமராஜர் முதலில் அரசாங்கத்தின் கையை நீளச் செய்தார். முந்நூறு பேர் வாழும் சிற்றூருக்கும் ஒரு தொடக்கப்பள்ளி வேண்டும் என்று குறிக்கோள் வைத்தார். பெரிய பள்ளி கட்ட முடியாத இடத்தில் ஓராசிரியர் பள்ளியாவது திறந்தார்கள். அரசு உதவி பெறும் பள்ளிகளில் வேலை செய்த ஆசிரியர்களுக்கு 1955-ல் ஓய்வூதியம், சேமநிதி, காப்புறுதி என்று மூன்று நன்மைகளையும் ஒன்றாகக் கொடுத்தார். வாத்தியார் வயிறு காய்ந்தால் பாடம் எப்படி நடக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் பள்ளி திறந்தும் பிள்ளைகள் வரவில்லை. ஏன்? ஒரு கதை சொல்வார்கள். முதலமைச்சர் காரில் போகும்போது மாடு மேய்க்கும் ஒரு பையனைப் பார்த்து, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்டாராம். போனால் சோறு யார் போடுவார் என்று பையன் திருப்பிக் கேட்டானாம். இது நடந்ததோ, மக்கள் கட்டிய கதையோ, அதற்குள் இருக்கும் உண்மை மட்டும் பொய்யில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து இரண்டாம் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்க்கும் பிள்ளையைப் பார்த்திருக்கும் எந்த ஆசிரியருக்கும் அது புரியும்.

அப்படித்தான் மதிய உணவுத் திட்டம் பிறந்தது. முதலில், 1956-ல், அது முழுக்க முழுக்க ஊர் மக்களின் நன்கொடையில் தொடங்கியது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று ஆசிரியர்களையும் பெரியோர்களையும் கூட்டிப் பேசினார். ஒரு ஊர் அரிசி கொடுத்தது, ஒரு ஊர் காய்கறி கொடுத்தது, ஒரு ஊர் விறகும் பாத்திரமும் கொடுத்தது. மீண்டும் அதே பிடி அரிசி! விருதுநகர்ப் பெண்கள் பானையில் போட்ட அரிசி மாநிலம் முழுவதற்கும் உலையில் ஏறியது.

ஆனால் தர்மத்தை மட்டும் நம்பிப் பிள்ளைகளின் சோற்றை விடக்கூடாது. கொடுப்பவர் மனம் ஒரு நாள் மாறலாம், மழை பொய்த்தால் கை சுருங்கலாம். ஆகவே 1957-ல் அரசாங்கமும் பங்கு போட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று கணக்கு. அதில் ஆறு பைசா அரசாங்கம், நான்கு பைசா ஊர். பெற்றோர்களே, இந்த ஆறும் நான்கும் என்ற கணக்கை நினைவில் வையுங்கள். கட்டுரை முடிவில் இதற்குத் திரும்பி வருவேன்.

அடுத்து வந்தது பள்ளிச் சீரமைப்பு மாநாடு. முதல் மாநாடு 1958 ஜனவரியில் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடந்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று பட்டியல் போடுவார்கள். கரும்பலகை, நாற்காலி, மணி, கடிகாரம், தண்ணீர்ப் பானை, கிணறு, வகுப்பறை. அந்தப் பட்டியலை ஊரார் முன்னால் வைப்பார்கள். ஒருவர் பெஞ்சு தருகிறேன் என்பார், ஒருவர் நிலம் தருகிறேன் என்பார், வசதியில்லாதவர் உடலுழைப்பைத் தருகிறேன் என்பார். பிள்ளைகளுக்குச் சீருடையும் இப்படித்தான் வந்தது. பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை என்ற வித்தியாசம் வகுப்பறைக்குள் தெரியக்கூடாதே! இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் நடந்தன. கோடிக் கணக்கான ரூபாய் மதிப்புள்ள பொருள்களும் கட்டடங்களும் பள்ளிகளுக்குச் சேர்ந்தன.

1960-ல் ஆண்டு வருமானம் 1200 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி முடியும் வரை சம்பளம் இல்லை என்று ஆயிற்று. பின்பு அந்தச் சலுகை மற்றவர்களுக்கும் விரிந்தது. 1951 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 21 பேர் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தார்கள். 1961-ல் அது நூற்றுக்கு 31 ஆனது. எண்ணிக்கை சின்னதாகத் தோன்றலாம். ஆனால் பரம்பரையில் முதல் முறையாகக் கையெழுத்துப் போட்ட அந்தப் பத்துப் பேரை நினைத்துப் பாருங்க!

தோல்வியிலும் ஒரு வெற்றி

1963-ல், காந்தி பிறந்த அக்டோபர் 2-ஆம் நாள், கட்சிப் பணிக்காகக் காமராஜர் முதலமைச்சர் பதவியைத் தாமாகவே விட்டு இறங்கினார். அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். நேருவுக்குப் பின் சாஸ்திரியும், அவருக்குப் பின் இந்திரா காந்தியும் பிரதமராக வருவதற்குப் பின்னால் நின்றவர் அவர்தான்.

ஆனால் 1965-ல் இந்தி மொழிப் பிரச்சினையில் தமிழ்நாட்டு மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். கல்லூரிகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் வீதிக்கு வந்தார்கள். 1967 தேர்தலில் காங்கிரஸ் வீழ்ந்தது. சொந்த ஊரான விருதுநகரிலேயே காமராஜர் தோற்றார். அவரைத் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற இளம் மாணவர் தலைவர். வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம் வாக்குகள்தான்.

இதைப் படிக்கும்போது உங்கள் மனம் வலிக்கும். எனக்கும் முதலில் வலித்தது. நன்றி கெட்ட ஊர் என்றுகூட நினைத்தேன். பிறகு வேறு மாதிரி யோசித்தேன். ஒரு தலைமுறைக்கு முன் அந்த வீதிகளில் எத்தனை ஏழைப் பிள்ளைகளுக்குப் பத்திரிகை வாசிக்கத் தெரியும்? இப்போது தெரிந்தது. வாசித்தார்கள், யோசித்தார்கள், தங்களுக்குச் சரியில்லை என்று பட்டதை எதிர்த்துக் கேட்டார்கள். ஆட்சிக்குக் கைதட்டுவதற்காக மட்டும் அவர் பள்ளிக்கூடம் திறக்கவில்லையே! கேள்வி கேட்கும் பிள்ளையை உருவாக்குவதுதான் படிப்பு என்றால், அந்தத் தோல்வியிலும் அவருடைய வேலை வென்றது. தாமே 1954-ல் மக்கள் குரலைக் கேட்டு ஒரு திட்டத்தைக் கைவிட்டவர், 1967-ல் அதே மக்களின் தீர்ப்பைத் தலை வணங்கி ஏற்றுக்கொண்டார். 1969-ல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

1975 அக்டோபர் 2-ஆம் நாள் காமராஜர் காலமானார். சென்னையில் அவர் குடியிருந்தது வாடகை வீட்டில். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது. அவர் ஏற்றிய அடுப்பும் அணையவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2001-ல் இந்தியா முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2022-ல் தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. அவர் பிறந்த ஜூலை 15 அங்கே கல்வி வளர்ச்சி நாள்.

நம் பள்ளிக்கு என்ன பாடம்?

பெற்றோர்களே, இப்போது அந்தத் தகப்பனாரின் கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று முதலாளிமார்களுக்குக் கட்டளையிட்டது. எங்கோ ஒரு ஸ்டோர் ஓரத்திலும் லயத்துக் கோடியிலும் பல பள்ளிகள் அப்படித்தான் முளைத்தன. இன்றைக்கும் பல தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி பெறும் பள்ளிகள். நிலம் பிறருடையது, கட்டடத்துக்கு வரும் உதவியோ பாதி. ஆகவே நமக்கு இந்தக் கேள்வி புத்தகத்துக் கேள்வி இல்லை, மழை பெய்தால் ஒழுகும் கேள்வி.

ஐயா, உங்கள் கேள்வி சரியானது. பள்ளிக்கூடம் அரசாங்கத்தின் பொறுப்புத்தான். ஆறு பைசா அவர்களுடையது. அதை நாம் விட்டுக் கொடுக்கக் கூடாது. மனுப் போட வேண்டும், கூட்டத்தில் பேச வேண்டும், வாக்குக் கேட்டு வருபவரிடம் கூரையைக் காட்ட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ஆகாத திட்டம் வந்தால் வேண்டாம் என்று சொல்லவும் தயங்கக் கூடாது. மக்கள் சொன்னால் திட்டம் மாறும் என்பதற்கு 1954 சாட்சி.

ஆனால் நான்கு பைசா நம்முடையது. நம் பங்கைப் போட்டவன் கேட்கும்போது அந்தக் குரலுக்கு ஒரு கனம் இருக்கிறது. அது அரசாங்கத்தின் கடனை நாம் அடைப்பதற்காக இல்லை. இந்தப் பள்ளி எங்களுடையது என்று சொல்லும் உரிமைக்காக. பணம் இல்லாதவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பைத் தரலாம். அதுவும் முடியாதவர் பிள்ளையை மழை நாளிலும் தவறாமல் அனுப்பலாம். பாருங்க, அதுவும் ஒரு பிடி அரிசிதான்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்கும்போது அதன் பளபளப்பை மட்டும் பார்க்காதீர்கள். யாரோ ஒரு அம்மா, தன் உலையிலிருந்து ஒரு பிடி எடுத்து வைத்திருக்கிறாள். நாளை நீங்கள் சம்பாதிக்கும்போது உங்கள் பிடியையும் எடுத்து வையுங்கள். பரிசு வாங்காத பிள்ளைகளும் மனம் தளர வேண்டாம். ஆறாம் வகுப்போடு நின்ற ஒரு பையன்தான் ஒரு நாட்டையே படிக்க வைத்தான்.

வாழ்க நம் பள்ளி! வளர்க நம் பிள்ளைகள்!